யே-ஷென் கதையும் அதன் படநூல் வடிவமும்

பெரோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1697-இல் வெளியிட்ட சின்டரெல்லா கதையை அறியாதார் அரியர். அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தி தான் இழந்த பொற்செருப்பினால் அரசியான கதை சீனத்தில் ஏடேறிவிட்டது. தாங் அரசர் காலத்தவரும் 863-இல் மறைந்தவருமான துவான் செங்ஷி தொகுத்த 'யூயாங் ட்சாட்சூ' என்னும் பல்பொருள் தொகுப்பில் அது காணப்படுகிறது. அதனை ஐ-லிங் லூயி சிறார்க்கென ஆங்கிலத்தில் எழுத, எட் யங் ஓவியந் தீட்ட, 1982-இல் 'யே-ஷென்' என்னும் படநூல் அமெரிக்காவில் வெளிவந்தது. பழங்கதை படநூலானபோது பெற்றதும் இழந்ததும் யாவை என்பதே ஈண்டு ஆராயப்படும்.

துவான் கதையை எழுதியதோடு அமையாது, சொன்னவர் பெயரையும் குறித்துள்ளார். அவர் துவான் வீட்டில் முன்பு பணிபுரிந்த லீ ஷியுவான். தென்னெல்லையில், இன்றைய நான்னிங் நகரப் பகுதியில், குகைவாழ் மக்களிடைப் பிறந்தவர். ஆகவே இஃது எல்லைப்புற மக்களின் கதை. 'சீனத்திலிருந்து ஒரு சின்டரெல்லா கதை' என்னும் படநூலின் துணைத்தலைப்போ, முந்தியதைப் பிந்தியதன் பெயரால் அழைக்கிறது. சொன்ன மக்களையும் பெருநாட்டின் பெயருள் மறைத்துவிடுகிறது.

படநூல் பெற்றது ஓவியத்தின் துணை. மூலத்தில், யே-ஷென் வளர்த்த மீனைச் சிற்றன்னை கொன்று தின்கிறாள். அதன் எலும்புகளே பின்னர் அப்பெண் வேண்டுவன எல்லாம் அளிக்கின்றன. இறந்தும் துணை நிற்கும் அம்மீனின் உருவத்தை எட் யங் ஏடுதோறும் படரவிட்டுள்ளார். கதையின் உயிர்நிலையை உணர்ந்த செயல் இது.

இழப்பு முடிவில் நேர்ந்தது. சிற்றன்னையும் அவள் மகளும் பறந்துவந்த கற்களால் மாண்டனர் என்பதோடு படநூல் முடிகிறது. மூலமோ மேலுஞ் செல்கிறது. குகைவாழ் மக்கள் அவ்விருவர்க்கும் இரங்கிக் கல்லறை எடுத்தனர். அதனைத் துயருற்ற பெண்டிர் கல்லறை எனப் பெயரிட்டு, மணங்கூட்டும் தெய்வமாக வழிபட்டனர். யே-ஷென்னை மணந்த அரசனும் பேராசையால் எலும்புகளிடம் அளவின்றி மணிகள் வேண்டினான்; ஓராண்டில் அவை ஈதலை நிறுத்தின. அவன் அவற்றை முத்துகளோடு கடற்கரையிற் புதைக்க, பின்னொருநாள் அலை கொண்டுசென்றது.

சிறார்க்காகச் சுருக்குதல் குற்றமன்று. ஆயின் தண்டனையை நிறுத்தி இரக்கத்தை நீக்கியமையால், மென்மையாதற்குரிய கதை மூலத்தினும் கடுமை உடையதாயிற்று. அரசனது பேராசை மறையவே, தீமை சிற்றன்னை வீட்டளவில் ஒடுங்கிற்று. நாட்டுப்புறக் கதையின் அறத்தைப் படநூல் ஒன்றையே கொண்டு மதிப்பிட முனைவோர், அதனை முதலில் வாய்மொழிந்த மக்கள் கதையை எங்கே முடித்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.