சூடுபத்தினசேனைக்குப் போன வழி

பம்பாயில் பிளேக்கு ஆட்களை வாரிக்கொண்டிருந்த காலம். 1897இல் இலங்கையில் பிரித்தானியர் ஒரு சட்டம் போட்டார்கள்: தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை.

2020 ஏப்ரல் 11ஆம் திகதி, அந்தச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி ஒரு வர்த்தமானி வெளியிட்டார். கொரோனாவில் மௌத்தானவரை எரித்தே ஆகவேண்டும். மார்ச் மாத வழிகாட்டலோ புதைக்கவும் இடம் கொடுத்திருந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம்! உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றது கொழும்பின் காதில் ஏறவில்லை.

அம்பாறைக் கரை முஸ்லிம்களுக்கு அது தூரத்துச் செய்திதான், அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்று வெடிக்கும்வரை. பிள்ளைகள் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, தோளில் சுமந்துபோக வேண்டிய ஜனாஸா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தகன அடுப்புக்குப் போனது. மிச்சமிருந்த நம்பிக்கை உயர் நீதிமன்றம்.

டிசம்பர் 1. கட்டாய எரிப்பை எதிர்த்த மனுக்கள் பெரும்பான்மை முடிவால் தள்ளுபடி, விசாரணைக்கே எடுக்கவில்லை. காரணம்? ஒரு வரிகூட இல்லை. எட்டு நாள் கழித்து, பிறந்து 20 நாளேயான பச்சைக் குழந்தை கொழும்பில் எரிக்கப்பட்டது. பொரளை மயானக் கம்பிக் கதவில் யாரோ ஒரு முழம் வெள்ளைத் துணி கட்டினார்கள். பின்னால் வந்தவர்களும் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அவிழ்க்கப்பட்டன, ஆனால் துணி நாடெங்கும் பரவியது.

2021 பெப்ரவரி 3. பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்கு ஒரு நடைபயணம். கரையோரப் பொலிஸார் நீதிமன்றத் தடையுத்தரவுகளோடு காத்திருந்தார்கள். சொன்ன காரணங்களில் கொரோனாவும் ஒன்று. கொட்டும் மழையில் தடையைத் தாண்டித் தமிழர் கூட்டம் கல்முனைப் பக்கம் வந்தது. அதன் கோரிக்கைகளில் ஒன்று, ஜனாஸா எரிப்பை நிறுத்து. முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். தசாப்தங்களாக ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த கரையில் இது சின்ன விஷயமில்லை.

மாதக் கடைசியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். பெப்ரவரி 25இல் புது வர்த்தமானி: புதைக்கலாம். எங்கே என்பதுதான் அடுத்த வில்லங்கம்.

அரசாங்கம் கைகாட்டியது மன்னார் வளைகுடாப் பக்கத்து இரணைதீவை. பல வருட இடப்பெயர்வுக்குப் பின் 2018இல்தான் ஊர் திரும்பியிருந்த கத்தோலிக்க மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டம் சரிந்தது. மூன்றே நாளில் வேறொரு பெயர் வந்தது.

மட்டக்களப்பு மாவட்டம், ஓட்டமாவடி, சூடுபத்தினசேனை, மஜ்மா நகர். மார்ச் 5ஆம் திகதி முதல் குழி தோண்டப்பட்டது. கல்முனையில் மௌத்தானாலும் காலியில் மௌத்தானாலும் அங்கேதான். உள்ளூர் மையவாடிக்கு அனுமதி இல்லை. ஒரு வருஷம் கழித்து, 2022 மார்ச் 5இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியபோது 3,634 பேர் அங்கே அடங்கியிருந்தார்கள். அவர்களில் 2,992 பேர் முஸ்லிம்கள், 85 பேர் கிறிஸ்தவர்கள். எரிக்க யாரும் தடை சொல்லாத இந்துக்கள் 287 பேரும் பௌத்தர்கள் 270 பேரும் அதே மையவாடியில்தான்.