அதிமானிட வீரர் ஆட்டத்தின் முதல் நூல்

வன்னிநாட்டிற் கோவலன் கூத்தையோ காத்தவராயன் கூத்தையோ விடியுமளவும் கண்டிருந்தோர், வேடம் பூணுதல் மாந்தர்க்கு எத்துணை இன்பந் தருவதென்பதை நன்கறிவர். பகலிற் கலப்பை பிடித்தவன் இரவில் அரசனாகின்றான். ஆயின் அவன் பாடுவதும் பேசுவதும் முன்னரே வரையப்பட்டவை. கோவலன் மதுரையிற் கொலையுண்டேயாகவேண்டும். வேடம் புனைந்தவன் விரும்பினும் அவனைக் காத்தல் இயலாது.

பாத்திரமேற்பவனே தன் கதையின் போக்கையும் ஆக்கிக்கொள்ளும் ஆட்டமொன்று 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் அச்சேறியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய 'டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே அது. மேசையைச் சூழ்ந்து சிலர் அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். அவரை நம் அண்ணாவியாருக்கு ஒப்பிடலாமெனினும் அவர் கையிற் பாடற்கொப்பி இல்லை. ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்கின்றதென வாயாற் சொல்வர். முடிவு ஐயத்துக்குரியதாகுமிடத்துப் பகடை உருட்டப்படும்.

அவ்வாட்டம் வாளும் மந்திரமும் உலவும் பழைய உலகைப் பற்றியது. 1938இற் சூப்பர்மேன் தோன்றிய நாள்முதற் சித்திரக்கதைகளிற் பறந்து திரிந்த அதிமானிட வீரரை மேசைக்குக் கொணர்ந்த முதல் அச்சுநூலெனக் கொள்ளப்படுவது, டொனால்ட் சாக்ஸ்மன் 1977இல் எழுதிய 'சுப்பர்ஹீரோ 2044' ஆகும். முதலில் ஆசிரியர் தாமே வெளியிட்ட அதனைப் பின்னர், பகடைகள் செய்வதிற் பெயர்பெற்ற லூ சொக்கியின் கேம்சயன்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதைக்களம் இங்கூரியா என்னுங் கற்பனைத் தீவு. காலம் 2044ஆம் ஆண்டு. ஆட்டக்காரர் 140 புள்ளிகளை ஏழு பண்புகளுக்குப் பங்கிட்டுத் தம் வீரனை அமைப்பர். பகடையின் தயவில் நில்லாது தாமே பங்கிடுதல் அக்காலத்துக்குப் புதுமையே.

இந்நூலில் எனக்கு மிக வியப்பளிப்பது வாரத்திட்டம். வீரன் ஒரு வாரத்தில் எவ்வளவு பொழுதைக் காவற்சுற்றிலும், எவ்வளவு பொழுதைப் பயிற்சியிலும் ஓய்விலுங் கழிப்பான் என்பதை ஆட்டக்காரர் படிவத்தில் வகுத்தெழுதல் வேண்டும். வானிற் பறப்பவனை நாடி வந்தவர்க்குக் கந்தோர் எழுதுவினைஞரின் நாட்குறிப்பே கிடைக்கின்றது! ஆனால் அவன் எவ்வளவு விரைவிற் பறப்பான், கண்ணாற் சுடுபவனின் வெப்பம் எதனை உருக்கும் என வினவினால் நூல் பெரிதும் மௌனஞ் சாதிக்கின்றது. அதிமானிட ஆற்றல்களை அளக்கும் முறை அங்கு வகுக்கப்படவில்லை; அதனை நடுவரும் ஆட்டக்காரருமே தம்முட் பேசித் தீர்க்கவேண்டியதாயிற்று.

இக்குறைபற்றி அந்நூலைத் தோல்வியென ஒதுக்குவோர் உளர். அது முழுதும் நேரிய தீர்ப்பன்று. அக்குறையை நிரப்பவே ஆட்டக்காரர் தாமாக விதிகள் எழுதிச் சிறு இதழ்கள் வாயிலாகப் பரிமாறிக்கொண்டனர். அவற்றுள் ஆற்றல்களைப் புள்ளி கொடுத்து வாங்கும் முறையும் ஒன்று. அம்முறையைக் கருவாகக் கொண்டே ஜார்ஜ் மக்டொனால்ட், ஸ்டீவ் பீற்றர்சன் ஆகியோர் 1981இற் கலிபோர்னியாவில் 'சாம்பியன்ஸ்' என்னும் நூலை வெளியிட்டனர். இடையில் 1979இல், ஜெப் டீ, ஜாக் ஹெர்மன் என்னும் பதின்பருவத்து இளைஞர் இருவர் 'வில்லன்ஸ் அன்ட் விஜிலான்டீஸ்' என்பதை இயற்றினர். அதில் ஆட்டக்காரர் தம்மையே பாத்திரமாக்கிக்கொள்வர். ஆற்றல்களைப் பகடையே வழங்கும். மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

'சாம்பியன்ஸ்' செய்த பெருஞ்செயல் யாதெனின், வலிமையையும் குறையையும் ஒரே கணக்கில் வைத்தமை. தொடக்கத்திற் கிடைப்பன 100 புள்ளிகள். மேலும் வேண்டுமாயின் வீரன் குறைகளை ஏற்கவேண்டும்: தொடர்ந்து வேட்டையாடும் பகைவன், காக்கவேண்டிய உறவினன், மறைத்து வைக்கவேண்டிய உண்மைப் பெயர் முதலியன. ஆற்றல்மீது கட்டுப்பாடு விதித்தாலும் அதன் விலை குறையும். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தோர்க்கு எடுத்துக்காட்டு எளிது. இரும்புக்கை மாயாவிக்கு உருமறையும் ஆற்றல் உண்டு. ஆயின் மின்சாரம் பாய்ந்தாலன்றி அது வாராது. வந்தபோதும் அவ்விரும்புக்கை மட்டும் மறையாது. அக்கணக்கின்படி மாயாவி தன் ஆற்றலை மலிவாகவே வாங்கியவன். அவன் கதையைச் சுவையாக்குவதும் அம்மறையாத கையன்றோ?

பின்னர் 1984இல் டீ.எஸ்.ஆர். நிறுவனம் மார்வல் வீரரையும், 1985இல் மேபெயர் நிறுவனம் டீ.சி. வீரரையும் வைத்து ஆட்டங்கள் வெளியிட்டன. 1986இல் ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' புள்ளிமுறையை எல்லாக் கதைக்களங்களுக்கும் விரித்தது. அதில் ஒரு வீரனை ஆக்கிக்கொள்ளும் இளைஞர், 140 புள்ளிகளும் வாரப்படிவமுங் கொண்ட இங்கூரியாத் தீவின் நூலைப் பெரும்பாலும் கண்டிரார்.