தண்ணிமுறிப்பின் நாவலும் காணி வழக்கும்

வன்னியில் வழக்கு என்றால் பெரும்பாலும் காணி வழக்குத்தான். ஆனால் அந்த மண்ணின் வாசகர் கதைகளில் கண்ட வழக்குகள் நெடுங்காலம் வேற்றூர் வழக்குகளாகவே இருந்தன. 1968இல் ‘குமுத’த்தில் தொடராக வந்த சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ மூலம் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷ் இலங்கையிலும் பெயர் பெற்றான். நகரத்துக் கொலை, நகரத்து நீதிமன்றம், மிடுக்கான குறுக்கு விசாரணை என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. குளக்கட்டும் காணிக் கச்சேரியும்தான் அக்கதைகளில் இல்லை.

1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது குறைய, விசுவமடு, முத்தையன்கட்டுப் பகுதிக் கமக்காரரின் கையில் காசு புழங்கியது. தமிழகச் சஞ்சிகைகளின் வரவும் அதே காலத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வெளியிடத் தொடங்கியது. மிளகாய்க் கன்றுக்கும் ஈழத்து நாவலுக்கும் ஒரே கொள்கை நீர் பாய்ச்சியது என்று சொன்னால் மிகையாகாது.

அந்த வரிசையில் 1973இல் வந்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. ஆசிரியர் முல்லைத்தீவுத் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். கதை நடப்பது தண்ணிமுறிப்பில். காட்டோடு வாழும் கதிராமன், பதஞ்சலி, வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகிய மூவரைச் சுற்றியே கதை செல்கிறது. உயரப் பறக்காமல் எளிதில் அகப்பட்டுவிடும் பறவையின் பெயர் பதஞ்சலிக்குப் பொருந்துகிறது. சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற இந்நாவலை வாசகர் முதன்மையாக மண்வாசனைக்காகக் கொண்டாடினர். அன்றைய நிலையில் அது இயல்பே. வன்னியின் காடும் பேச்சும் அதற்கு முன் அவ்வளவு நெருக்கமாக அச்சேறியதில்லை.

சட்டத்தின் நிழல் நேரடியாக விழுவது 1977இல் வெளிவந்த செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ நாவலில். க. குணராசா என்ற இயற்பெயருடைய இவர் செட்டிகுளம், கிளிநொச்சி முதலிய இடங்களில் நிர்வாக அதிகாரியாகப் பணியாற்றியவர். ஏழைக் கமக்காரரை அதிகாரிகளும் பணம் படைத்தோரும் சுரண்டுவதை, கோப்புகளைக் கையாண்டவரே எழுதினார் என்பது இந்நாவலின் பலம்.

அந்தக் கோப்புகளின் அடிப்படை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காணிக் கச்சேரி கூடும் நாளில் விண்ணப்பகாரர் ஊரார் முன்னிலையில் அதிகாரியிடம் விடை சொல்ல வேண்டும்: பிள்ளைகள் எத்தனை, வேறு காணி உண்டா, இதுவரை கமம் செய்தது எங்கே? ஆட்சேபிப்பவரும் அங்கேயே எழுந்து பேசலாம். தெரிவானவருக்குக் கிடைப்பது உறுதி அல்ல, பெர்மிட். அந்தக் காணியை எண்ணியபடி விற்க முடியாது. உரிமையாளர் இறந்தால் துணைக்கு உரிமை உண்டு. மறுமணம் செய்தால் அது போய்விடும். பின்னுரித்தாளர் பெயரிடப்படாத காணியில் மகளுக்கு முன் மகனே நின்றான். இந்த ஆண்முதன்மை 2022இல்தான் திருத்தப்பட்டது. போரில் கணவரை இழந்த பெண்கள் நிறைந்த வன்னிக்கு அந்தத் திருத்தம் மிகவும் பிந்தி வந்தது.

கிளிநொச்சிக் குடியேற்றத்தின் கதையைப் பரந்தன் குமரபுரத்தவரான தாமரைச்செல்வி ‘பச்சை வயல் கனவு’ நாவலில் எழுதினார். அதற்குள் போரும் பொருளாதாரத் தடையும் வாசிப்பை நெருக்கிவிட்டிருந்தன. 1990களில் வடபகுதிப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாயின. சிறு போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் மக்கள் அவற்றை வாசித்தனர். 2009இல் முடிந்த இறுதிப் போரில் வீட்டுப் புத்தகங்களோடு பெர்மிட்டுகளும் அழிந்தன.

‘நிலக்கிளி’யின் களமான தண்ணிமுறிப்பின் மக்களோ 1984இலேயே இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். அங்குள்ள குருந்தூர்மலையில் 2021இல் தொல்லியல் திணைக்களம் அகழ்வைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து எழுந்த பௌத்தக் கட்டுமானங்கள் வழக்குக்குக் காரணமாயின. 2022இல் புதிய வேலைகளை நிறுத்துமாறு முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. 2023 செப்டெம்பரில், அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ரி. சரவணராஜா உயிரச்சுறுத்தல் உண்டெனக் கூறிப் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். சுற்றியுள்ள வயல்களைத் திரும்பத் தருமாறு கமக்காரர் இன்றும் கேட்கின்றனர்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் வழியே ‘நிலக்கிளி’ இன்று புதிய வாசகரை அடைகிறது. 1973இல் காதலுக்குப் பின்னணியாக மட்டும் தெரிந்த குளக்கட்டும் பாடசாலையும் வயலும், இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்குச் சாட்சியாக அவர்கள் கண்ணில் படுகின்றன.