நிலநடுக்கத்துல இடியாம நின்ன ஹோட்டல்... அப்புறம் என்ன ஆகும்?

கல்யாண ஜவுளி எடுக்க தி.நகர், அறுபத்து மூவர் பார்க்க மயிலாப்பூர், மெடிக்கல் செக்கப்புக்கு அடையாறு... எதுக்கு வந்தாலும், ரூம் போடும்போது நாம பார்க்குறது வாடகை, ஏசி, வைஃபை, ரிவ்யூ. 'பூமி ஆடினா இந்தக் கட்டடம் தாங்குமா?'ன்னு யாரும் கேட்குறதில்லை.

ஆனா, சென்னையும் ஆடியிருக்கு பாஸ்! 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரி அருகே கடலில் உருவான நிலநடுக்கம் (ரிக்டரில் சுமார் 5.5) இங்கே நன்றாகவே உணரப்பட்டது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது, சென்னையில் பலர் ஆபீஸை விட்டு ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். 2002-ல் திருத்தப்பட்ட நிலநடுக்க வரைபடத்தில் சென்னை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான ஆபத்துப் பகுதிக்கு மாறியது.

பெரிய நிலநடுக்கத்தைப் பார்த்த ஊர்களில் ஹோட்டல்களுக்கு என்ன ஆச்சு?

சான் பிரான்சிஸ்கோ, 1906: பேலஸ் ஹோட்டல் ஏப்ரல் 18 அதிர்வைத் தாங்கி நின்றது. ஆனால், பின்னாலேயே பரவிய தீயில் அதே நாள் எரிந்துபோனது. மிச்சத்தை இடித்துவிட்டு, புதுக் கட்டடத்தை 1909-ல் திறந்தார்கள்.

டோக்கியோ, 1923: ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த இம்பீரியல் ஹோட்டலின் திறப்பு நாளான செப்டம்பர் 1-லேயே பூகம்பம்! ஹோட்டல் தப்பித்தது, ஆனால் சேதத்தோடு. 1968-ல் அதை இடித்துவிட்டார்கள். முகப்பு மட்டும் இப்போது மெய்ஜி-முரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மெக்சிகோ சிட்டி, 1985: ரெஜிஸ் ஹோட்டல் இடிந்து விழுந்தது. அந்த இடம் இன்று 'ஒற்றுமைச் சதுக்கம்'.

கிறைஸ்ட்சர்ச், 2011: 26 மாடி கிராண்ட் சான்சலர் ஹோட்டல் விழவில்லை, சாய்ந்து நின்றது. பக்கத்தில் யாரும் போக முடியாத நிலை. கடைசியில், மேலிருந்து ஒவ்வொரு மாடியாகப் பிரித்து 2012-ல் அகற்றினார்கள்.

கவனிச்சீங்களா? நாலுல மூணு ஹோட்டல் அதிர்வின்போது விழவே இல்லை. ஆனா, அந்தப் பழைய கட்டடம் ஒண்ணுகூட இன்னைக்கு அதே இடத்துல இல்லை. 'நிக்குது' என்பதும் 'நல்லா இருக்கு' என்பதும் ஒண்ணு இல்லை.

இதுக்குக் கொடுமையான உதாரணமும் கிறைஸ்ட்சர்ச்தான். 2010 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த சி.டி.வி அலுவலகக் கட்டடத்தைப் பார்த்து, 'உள்ளே போகலாம்' எனப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அடுத்த பிப்ரவரியில் அது இடிந்து 115 பேர் இறந்தார்கள்.

நம்ம ஊருக்கு என்ன பாடம்?

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கி.மீ-க்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் பல, கீழே கார் பார்க்கிங்குக்காகச் சுவரே இல்லாமல் தூண்கள் மேல் நின்றவை. தி.நகர், அடையாறு தெருக்களில் இப்படிப்பட்ட கட்டடங்கள் எத்தனை என்று நடந்து பார்த்தாலே தெரியும். முறையாக வடிவமைத்த தூண்கள் தாங்கும். மெலிந்த தூண்கள்தான் ஆபத்து.

நீங்க செய்ய வேண்டியது:

* ஆடும்போது ஓடாதீங்க. உறுதியான மேஜைக்கு அடியில் தலையை மறைத்து உட்காருங்க. கண்ணாடி ஜன்னல் பக்கம் வேண்டாம்.
* நின்றதும் படிக்கட்டில் இறங்குங்க. லிஃப்ட் கூடவே கூடாது.
* கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீங்க. பேலஸ் ஹோட்டலைத் தீர்த்துக்கட்டியது தீதான்.
* வெளியே வந்ததும் கீழ்த்தளத் தூண்களைத் தள்ளி நின்றே பாருங்க. பூச்சில் மெல்லிய கீறல் வேறு. தூணில் குறுக்கே சாய்வாக ஓடும் விரிசலும், வெளியே தெரியும் கம்பியும் வேறு.
* பெட்டி, சார்ஜர் எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீங்க. பின்னதிர்வுகள் வரும்.

'ஒண்ணும் ஆகலை, ரூமுக்குப் போங்க சார்' என்று ரிசப்ஷனில் சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டியவர், கட்டடத்தை முழுசா சோதித்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். அதுவரைக்கும் வேற இடம் பார்த்துக்கோங்க!