பதினாறு வயசில் ஒன்பது டான்: சீன 'கோ' தரவரிசையில் பொடியன்கள் வந்த கதை

2013-ஆம் வருஷம் 'கோ' ஆட்டத்தில் ஆறு உலகக் கோப்பைகளுக்கு முடிவு தெரிந்தது. ஆறையும் சீனர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம் அவர்களுடைய வயசு. சோவ் ருய்யாங் 21, ஷி யுவே 22, ஃபான் டிங்யூ 16, சென் யாவ்யே 23, மி யூடிங் 17, டாங் வெய்சிங் 20. ஒருத்தருக்குக்கூட 24 ஆகவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ரெண்டே வரி. குறுக்கே 19, நெடுக்கே 19 கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து எதிராளியைவிட அதிக இடத்தைச் சுற்றி வளைக்கணும். 'கோ' என்பது ஜப்பானியர் வழியாக நமக்கு வந்த பேர். பிறந்த ஊரான சீனாவில் அதற்கு 'வெய்ச்சி' என்று பெயர்.

பிறந்த ஊர்தான், ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆட்டம் ஜப்பான் கையில் இருந்தது. சீனாவில் அதைத் திரும்பத் தூக்கி நிறுத்தியவர் ஓர் அரசியல்வாதி: ராணுவ மார்ஷலும் வெளியுறவு அமைச்சருமான சென் யீ. 1962-இல் தேசிய சங்கம் உருவானது. ஷாங்ஹாயைச் சேர்ந்த சென் சூதே போன்ற இளைஞர்கள் ஜப்பானின் பெரிய ஆட்டக்காரர்களோடு மோத ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து கலாச்சாரப் புரட்சி வந்தது. சென் சூதே தொழிற்சாலை வேலைக்குப் போனார். சின்னப் பையனாக நம்பிக்கை தந்த நியே வெய்பிங்கை வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஒரு பையன் ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டிய வயசு, வயலில் கழிந்தது.

அதே நியேதான் திரும்பி வந்து, 1984-இல் தொடங்கிய சீன-ஜப்பான் அணிப் போட்டிகளில் தொடர்ச்சியாக 11 ஆட்டங்கள் ஜெயித்தார். தேசமே கொண்டாடியது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், மொத்த நாடும் ஒரே ஆளை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. நம்ம தொழிலில் ஒரே சர்வரில் எல்லாத்தையும் ஓட்டுகிற மாதிரி! 1989-இல் முதல் இங் கோப்பை இறுதியில் கொரியாவின் சோ ஹுன்ஹ்யுனிடம் நியே 2-3 என்று தோற்றார். 1992-இல் சோவின் சிஷ்யன் லீ சாங்-ஹோ 16 வயசில் உலகப் பட்டம் வாங்கினான். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் கொரியா ராஜ்யம்தான். சீனாவுக்கு 1995-இல் மா சியாவ்சுன், 2000-இல் யூ பின் என்று எப்போதாவது ஒரு கோப்பை வந்தது.

இந்தக் கட்டத்தில் சீனாவில் நடந்ததை 'மேதைகள் பிறந்தார்கள்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாறியது அமைப்பு. 1999-இல் லீக் போட்டி ஆரம்பமானது. நகரங்களின் பேரில் அணிகள், பின்னால் கம்பெனிகளின் பணம். அதே கொரிய ஜாம்பவான்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்து ஆடவைத்தார்கள். சீனப் பையன் ஒருத்தன் விமானம் ஏறாமலேயே உலகத் தர ஆட்டக்காரர்களோடு வருஷம் முழுக்க மோதலாம்.

அடுத்தது கணக்கு. 'டான்' என்பது பட்டம். ஒருமுறை ஒன்பது டான் வாங்கினால் அது இறங்கவே இறங்காது. பத்து வருஷம் ஜெயிக்காவிட்டாலும் பேருக்குப் பின்னால் ஒன்பது நிற்கும். தரவரிசைப் புள்ளி அப்படியில்லை. செஸ் ஈலோ மாதிரி, பலமான ஆளைத் தோற்கடித்தால் நிறைய ஏறும், பலவீனமான ஆளிடம் தோற்றால் நிறைய இறங்கும். வயசு, பட்டம், குரு எதையும் அது கேட்காது. ஃபான் டிங்யூ இங் கோப்பை ஜெயித்த அன்று அவன் மூன்று டான். ஜெயித்ததும் நேரே ஒன்பது. இடையில் இருந்த படிகளை அவன் மிதிக்கவேயில்லை. 2015 ஜனவரியில் கே ஜியேயும் நான்கிலிருந்து ஒன்பதுக்குத் தாவினான். அதே வருஷம் 18 வயசில் தரவரிசையில் முதலிடம். (டெசிக்னேஷனுக்கும் உண்மையான திறமைக்கும் உள்ள தூரத்தை ஐ.டி.காரனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.)

சரி, இந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் பெய்ஜிங்கின் தனியார் பயிற்சிக்கூடங்களிலிருந்து. நியே வெய்பிங் பேரிலேயே ஒன்று உண்டு. கே ஜியே அங்கே படித்தவன்தான். ஊர் லிஷுய், ஜெஜியாங் மாகாணம். கிட்டத்தட்ட எல்லார் கதையும் ஒரே மாதிரி: ஏழெட்டு வயசில் பெய்ஜிங், கூடவே அம்மாவோ அப்பாவோ, கூடத்துக்குப் பக்கத்தில் வாடகை அறை, பள்ளிக்கூடம் ஓரங்கட்டப்படும், காலையிலிருந்து ராத்திரி வரை பலகை. வருஷம் ஒருமுறை தொழில்முறைத் தேர்வு. உட்காருவது நூற்றுக்கணக்கில், தேறுவது சில டஜன். வயசு வரம்பும் உண்டு. தேறாத பிள்ளை பதினாறு பதினேழு வயசில் விட்ட படிப்பைப் பிடிக்க ஓடணும், இல்லையென்றால் ஏதாவது ஊரில் குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கணும். தரவரிசைப் பட்டியலில் அவர்கள் பேர் கிடையாது. எத்தனை குடும்பங்கள் எதை விற்றுவிட்டுத் திரும்பிப் போயின என்பதற்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

ஜெயித்தவர்கள் நிலைமையையும் பாருங்கள். 2013-இன் ஆறு பேரில் சென் யாவ்யே, மி யூடிங், டாங் வெய்சிங் மூவரும் பிறகும் தனிநபர் உலகப் பட்டம் வாங்கினார்கள். சோவ், ஷி, ஃபான் மூவருக்கும் ரெண்டாவது பட்டம் கிடைக்கவில்லை. ஃபான் அணிப் போட்டியில் ரெண்டு தடவை தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தவன், சாதாரண ஆள் இல்லை. அடுத்த வரிசை அவ்வளவு சீக்கிரம் பின்னால் வந்து நின்றுவிட்டது.

2017 மே மாதம் வூஜென்னில் ஆல்ஃபாகோவிடம் கே ஜியே 0-3 என்று தோற்றபோது அவனுக்கு இன்னும் இருபது ஆகவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அழுதான். அப்புறம் டென்சென்ட்டின் 'ஜுவேயி' சீன தேசிய அணியின் பயிற்சிக்கே வந்தது. கொஞ்ச நாளில் யார் வேண்டுமானாலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உலக சாம்பியனைவிட பலமான குருவை வைத்துக்கொள்ளலாம் என்றானது. சீனா காசு போட்டுக் கட்டிய அந்த வசதி பாதி இலவசமாகிவிட்டது. இப்போது உலகின் முதல் ஆட்டக்காரன் 2000-இல் பிறந்த கொரியன் ஷின் ஜின்சியோ. அதே வருஷம் பிறந்த டிங் ஹாவ் 2023, 2024 இரண்டிலும் சாம்சங் கோப்பையைச் சீனாவுக்கு வாங்கித் தந்தான். அவனுக்குப் பின்னால் 2004-இல் பிறந்த வாங் சிங்ஹாவ் ஏற்கனவே வந்து நிற்கிறான்.