சைடர் வரியும் காரீய விஷமும்

ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்தால் கிடைக்கும் மதுவுக்குப் பெயர் சைடர். அமெரிக்காவில் புளிக்காத ஆப்பிள் சாற்றையும் சைடர் என்றே சொல்வதுண்டு. இங்கிலாந்தில் சைடர் என்றால் போதை தரும் பானம்தான். டெவன், சாமர்செட், ஹெரிஃபோர்ட்ஷயர் போன்ற மேற்குப் பகுதி மாவட்டங்களில் 18-ம் நூற்றாண்டில் இதைப் பண்ணை வீடுகளிலேயே தயாரித்தார்கள்.

1760-களில் அந்த வீட்டுச் சைடரைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் வரி அதிகாரி. அடுத்து வந்தவர் மருத்துவர். மக்கள் இரண்டு பேரையும் எதிர்த்தார்கள். முதல் எதிர்ப்பு வரலாற்றில் இடம் பிடித்தது. இரண்டாவது எதிர்ப்பு பலருடைய உடல்நலத்தைக் காவு வாங்கியது.

வீட்டில் செய்வது எப்படி?

வட்டமான கல் தொட்டியில் ஆப்பிள்களைக் கொட்டி, குதிரை இழுக்கும் கல் சக்கரத்தால் நசுக்குவார்கள். நம்மூர் செக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூழை வைக்கோலோடு அடுக்கடுக்காக வைத்துப் பிழிவார்கள். வடியும் சாற்றைப் பீப்பாயில் ஊற்றிவிட்டால் போதும். பழத்திலும் பிழியும் கருவியிலும் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட், சர்க்கரையைச் சாராயமாக மாற்றிவிடும். வெளியிலிருந்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இது பணக்காரர்களின் பானமும் அல்ல. பண்ணைக் கூலிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சைடராகவே கொடுத்தார்கள். இந்த வழக்கத்தைச் சட்டம் தடை செய்தது 1887-ல்தான்.

வரி அதிகாரி வருகிறார்

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் வென்றது. ஆனால் கடன் ஏறக்குறைய இரு மடங்கானது. பிரதமர் பியூட் பிரபுவின் அரசு, 1763-ல் ஒரு பீப்பாய் சைடருக்கு 4 ஷில்லிங் வரி போட்டது. ஹாக்ஸ்ஹெட் எனப்படும் அந்தப் பெரிய பீப்பாய் 200 லிட்டருக்கு மேல் கொள்ளும்.

பிரச்சனை 4 ஷில்லிங்கில் மட்டும் இல்லை. வரியை யாரிடம் வசூலிப்பது என்பதில் இருந்தது. கடையில் விற்கும்போது வரி வாங்கினால் கடையோடு வேலை முடிந்துவிடும். தயாரிப்பவரிடம் வாங்க வேண்டுமென்றால் அவருடைய பீப்பாய்களை அளக்க வேண்டும். பீப்பாய் இருப்பதோ வீட்டுக்குள்! அதனால் அதிகாரிக்கு வீட்டுக்குள் நுழையும் உரிமை வேண்டும். ஒரு வரியின் அளவைவிட அதை வசூலிக்கும் முறை அதிகக் கோபத்தைக் கிளப்பும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நாடாளுமன்றத்தில் வில்லியம் பிட் இதைக் கடுமையாக எதிர்த்தார். வரியை ஆதரித்த ஜார்ஜ் கிரென்வில், "வேறு எங்கே வரி போடுவது, சொல்லுங்கள்" என்ற பொருளில் திரும்பத் திரும்பக் கேட்டார். பிட் உடனே அதே சொற்கள் வரும் ஒரு பிரபலமான ஆட்டிடையன் பாட்டை முணுமுணுக்க, சபையே சிரித்தது. அன்றிலிருந்து கிரென்வில்லுக்கு "சாந்தமான ஆட்டிடையன்" என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1763 ஏப்ரலில் பியூட் பதவி விலகினார். அடுத்துப் பிரதமரானவர் அதே கிரென்வில்தான்!

வரி 1766-ல் ரத்தானது. அமெரிக்கக் குடியேற்றங்களை கொந்தளிக்க வைத்த முத்திரைத்தாள் சட்டம் ரத்தானதும் அதே ஆண்டில்தான்.

மருத்துவர் வருகிறார்

டெவனில் நீண்ட காலமாக ஒரு விசித்திரமான வயிற்றுவலி இருந்தது. தாங்க முடியாத வலி, கடும் மலச்சிக்கல். முற்றிப்போனால் கை மணிக்கட்டு தொங்கிப் போகும், பக்கவாதம் வரும், சிலர் இறந்தும் போனார்கள். ஆப்பிள் அமோகமாக விளைந்த ஆண்டுகளில் நோயும் அதிகம். எக்ஸிட்டர் மருத்துவமனையில் மட்டும் 1762-க்கும் 1767-க்கும் இடையில் இந்த நோயோடு சேர்ந்தவர்கள் 285 பேர். பிளிமத் மருத்துவர் ஜான் ஹக்ஸம் 1739-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் சைடரின் புளிப்புத்தான் காரணம் என்று நினைத்தார்.

டெவனில் பிறந்து லண்டனில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் பேக்கர் வேறு கேள்வி கேட்டார். ஹெரிஃபோர்ட்ஷயரிலும் தாராளமாகச் சைடர் குடிக்கிறார்களே, அங்கே ஏன் இந்த நோய் இல்லை?

இரண்டு ஊர்களின் கருவிகளையும் ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. டெவனில் கல் தொட்டியின் துண்டுகளைக் காரீயத்தால் இணைத்திருந்தார்கள். சில இடங்களில் பிழியும் கருவிக்கே காரீயத் தகடு அடித்திருந்தார்கள். ஹெரிஃபோர்ட்ஷயரில் அந்த வழக்கம் இல்லை. புளிப்பான ஆப்பிள் சாறு காரீயத்தைக் கரைக்கும். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், இது வேறு.) வேதிச் சோதனையில் டெவன் சைடரில் காரீயம் இருந்தது, ஹெரிஃபோர்ட்ஷயர் சைடரில் இல்லை. அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் பேக்கருக்குத் தகவல் தந்தார். ரம் வடிக்கும் கருவியில் காரீயம் கூடாது என்று மசாசூசெட்ஸ் 1723-லேயே சட்டம் போட்டிருந்தது.

1767-ல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் பேக்கர் இதை வாசித்தார். டெவன் நன்றி சொல்லவில்லை, கோபப்பட்டது. பிளிமத் பகுதிப் பாதிரியார் தாமஸ் ஆல்காக், நோய்க்குக் காரணம் காரீயம் அல்ல என்று 1769-ல் மறுப்பு எழுதினார். 1763-ல் சைடர் வரியை விமர்சித்து எழுதியவரும் இதே ஆல்காக்தான்!

அவரை முட்டாள் என்று ஒதுக்கிவிட முடியாது. "டெவன் சைடரில் விஷம்" என்ற பேச்சு பரவினால் யார் வாங்குவார்கள்? ஒரு மாவட்டத்தின் பிழைப்பே அதில் இருந்தது. வரி அதிகாரியை விரட்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மறுபடியும் லண்டனிலிருந்து ஒருவர் எங்கள் பீப்பாயைக் குறை சொல்வதா என்ற கோபமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் விலை கொடுத்தவர்கள், கூலிக்குப் பதிலாகக் கிடைத்ததைக் குடித்த ஏழைத் தொழிலாளர்கள்.

காரீயம் கருவிகளிலிருந்து மெல்ல மெல்ல விலகியது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயும் அடங்கிப்போனது. வரி அதிகாரியைத் தடுக்க நாடாளுமன்றத்தால் முடிந்தது. காரீயத்தை வெளியேற்ற வேண்டியவர் வீட்டுக்காரர்தான். அவர் நம்பும் வரை மருத்துவரின் சோதனைக்குப் பலன் இல்லை.

இன்று முதன்முதலாக வீட்டில் சைடர் செய்பவருக்கு, கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு, உணவுத் தரப் பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்தச் சொல்வார்கள். சாதாரணமாகத் தெரியும் அந்த அறிவுரைக்குப் பின்னால் டெவனின் வயிற்றுவலியும் இருக்கிறது.