இரவல் குரல்: கொழும்பிலிருந்து பார்க்கையில் தமிழ்த் திரையின் பெண்

தமிழ்ச் சினிமா பெண்ணை எப்படிக் காட்டுகிறது என்ற கேள்விக்குப் பெண்நிலைவாத விமர்சனம் பல்லாண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறது. அடங்காதவளை அடக்கும் நாயகன், தாலியின் மகிமை, நவீன உடையில் அறிமுகமாகிக் கடைசி ரீலில் சேலைக்குத் திரும்பும் நாயகி, ‘படையப்பா’வில் (1999) கர்வத்துக்காகவே நீலாம்பரி பெறும் முடிவு என்று குற்றப்பட்டியல் நீளும். பெரும்பாலும் அது சரியான பட்டியல். ஆனால் அது கண்ணை மட்டும் நம்பி எழுதப்பட்டது. லோரா மல்வி 1975 இல் ஆண் நோக்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் நாம் கமெராவின் பார்வையையே துருவிக்கொண்டிருக்கிறோம். வெள்ளவத்தை சவோயிலும் கொட்டாஞ்சேனை செல்லமஹாலிலும் படம் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பெண் அதற்கு முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: திரையில் பேசுகிறவள் யாருடைய குரலில் பேசுகிறாள்? இலங்கைத் தமிழ்ப் பெண்ணின் உருவத்துக்கு வெகுசனத் திரையில் ஓரளவு இடம் கிடைத்திருக்கிறது. நடிகையரின் முகங்கள் மொழியையும் இனத்தையும் கடலையும் தாண்டித் தாராளமாகப் போய்வந்திருக்கின்றன. குரலுக்குத்தான் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

காஜா சில்வர்மன் ‘த அகூஸ்டிக் மிரர்’ (1988) என்ற நூலில் ஹொலிவூட்டின் ஒலியை ஆராய்ந்தார். ஆணின் குரல் உடலை விட்டு விலகிக் கதைசொல்லியாக, அதிகாரமாக ஒலிக்க முடிகிறது. பெண்ணின் குரலோ அவளுடைய உடலோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது என்றார். அந்தக் கட்டைத் தளர்த்துவதில் பெண்ணுக்கு ஒரு வழி திறக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. சென்னைத் திரைத்துறை அந்தக் கட்டை எப்போதோ அவிழ்த்துவிட்டது, விடுதலைதான் வந்தபாடில்லை. பானுமதியும் சாவித்திரியும் சொந்தக் குரலில் பேசி நட்சத்திரங்களானவர்கள். சரோஜாதேவியின் கன்னட வாசனை வீசும் தமிழை ரசிகர்கள் கொண்டாடவே செய்தார்கள். பிற்காலத்தில் வடக்கிலிருந்து நாயகியரை அழைத்து வருவது வழக்கமானபோது குஷ்பு, சிம்ரன், ஜோதிகா போன்றோர் தம் உச்சகாலப் படங்கள் பெரும்பாலானவற்றில் வேறொருத்தியின் குரலில் பேசினர். மோகனுக்கு எஸ்.என். சுரேந்தர் குரல் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தார். ஆண்களில் அது பேர்சொல்லி நினைவுகூரத்தக்க விதிவிலக்கு. நாயகியர் விடயத்தில் அதுவே நடைமுறை என்பதால் எவரும் பேர்சொல்லி நினைவுகூர்வதில்லை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பாதிப்படைகிறார்கள். ஒருத்திக்குக் குரல் இல்லை, மற்றவளுக்கு முகம் இல்லை. முகமில்லாதவள் தன் பெயரில் பேசத் துணிந்தால் என்ன நேரும் என்பதை 2018 காட்டியது. ‘96’ படத்தில் த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்த பாடகி சின்மயி, அதே ஆண்டு பாலியல் தொல்லைப் புகாரைப் பகிரங்கமாக முன்வைத்தார். சில வாரங்களில் டப்பிங் கலைஞர் சங்கத்தில் அவருடைய உறுப்புரிமை பறிபோனது. சந்தா பாக்கி என்பது சங்கம் சொன்ன காரணம்.

இனிக் கொழும்புக்கு வருவோம். முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ 1947 ஜனவரி 21 அன்று கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், படம்பிடித்தது மதுரையில். நாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டி சமூகத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு பிறந்தவர். சிறுமியாகவே பௌத்த பக்திப் பாடலொன்றை இசைத்தட்டில் பாடிப் புகழ்பெற்று, பின்னர் சிங்களப் பெண்மையின் திரை முகமாக மூன்று தசாப்தங்கள் வலம்வந்தார். சிங்களத் திரையில் பெண்ணின் இடம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த லலீன் ஜயமான்ன இவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ருக்மணி தேவியின் குரல் அவருடையதே, எவரும் இரவல் தரவில்லை. அந்தக் குரலுக்கு அவர் கொடுத்த விலை ராசம்மா என்ற பெயர். 1978 இல் எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்தது. இந்திய–இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’தில் சிவாஜி கணேசனுடன் சிங்களத் திரையின் அரசி மாலினி பொன்சேகா நடித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து ‘மோகனப் புன்னகை’யில் இன்னொரு சிங்கள நடிகை, கீதா குமாரசிங்க. இலங்கையோடு உறவு கொண்டாடிய சென்னைக்கு இங்கிருந்து ஒரு நடிகை தேவைப்பட்டபோது, தமிழ் பேசும் இலங்கைப் பெண் எவரும் தட்டுப்படவில்லை.

இது வியப்புக்குரியது. ஏனெனில் அதே காலத்தில் தமிழ்நாட்டின் தென்மாவட்ட வீடுகளில் கொழும்புப் பெண்களின் குரல் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கடலுக்கு அப்பால் எவ்வளவு விரும்பிக் கேட்கப்பட்டது என்பது இரு கரைகளிலும் மறக்கப்படாத கதை. ராஜேஸ்வரி சண்முகம் (மறைவு 2012) நாடக நடிகையாகவும் அறிவிப்பாளராகவும் அந்தக் கதையின் நடுவில் இருந்தார். விசாலாட்சி ஹமீட் இன்னொருவர். இவர்களுடைய முகத்தைப் பெரும்பாலான நேயர்கள் கண்டதேயில்லை. உச்சரிப்பை, இடைநிறுத்தத்தை, பாட்டுக்கு முன்னுரை சொல்லும் பாங்கைக் கேட்டே மதித்தார்கள். சில்வர்மன் எதிர்பார்த்த, உடலிலிருந்து விடுபட்ட அதிகாரமுள்ள பெண் குரல் ஒன்று தமிழில் நிகழ்ந்ததென்றால் அது கொழும்பு டொரிங்டன் சதுக்கத்துக் கலையகத்தில்தான் நிகழ்ந்தது. வானொலியைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கில்லை. அதன் மங்கையர் நிகழ்ச்சிகள் பூவையும் பொட்டையும் போற்றியவைதான். இருந்தாலும் ஒரு பெண்ணின் பேச்சைப் பேச்சாகவே மதிக்கும் பழக்கத்தை அது ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது. திரை அந்தப் பழக்கத்தைத் தொடவில்லை.

உள்ளூர்த் திரைகூடத் தொடவில்லை. வானொலி நாடகத்திலிருந்து படமான ‘கோமாளிகள்’ (1976) நல்ல சான்று. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத் என நால்வரும் நால்வகைப் பேச்சால் அடையாளம் பெற்றவர்கள். முஸ்லிம் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் சிங்களம் தோய்ந்த தமிழும் அக்கிரகாரத் தமிழும் ஒரே மேடையில் மோதிச் சிரிப்பூட்டின. கொழும்பின் மொழிப் பன்மையை இதைவிட உயிர்ப்பாகப் பிடித்த வெகுசனப் படைப்பு குறைவு. அந்தப் பன்மை முழுவதும் ஆண்களின் வாயில் இருந்தது. மறுவருடம் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ சீதனமும் சாதியும் பெண்களின் வாழ்வை எப்படிக் கணக்கிடுகின்றன என்று அந்த மண்ணின் பேச்சிலேயே காட்டியது. சித்திரலேகா மௌனகுருவும் சர்வமங்களம் கைலாசபதியும் அதில் நடித்தார்கள். சென்னைப் படங்களுக்குப் பழகிய நம் ரசிகர்கள் அதை ஓடவிடவில்லை. இந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு.

2000 இலிருந்து சென்னைத் திரை ஈழத்தமிழைக் கண்டுபிடித்தது. ‘தெனாலி’யில் (2000) கமல்ஹாசன் பேசிய இலங்கைத் தமிழ் நடிப்புச் சாதனையாகப் பாராட்டப்பட்டது. ஆண் நடிகனுக்கு வட்டாரப் பேச்சு ஒரு திறமை, ஏற்றுக் கழற்றக்கூடிய வேடம். பெண்ணுக்கு அது இரக்கத்தின் அடையாளம். ‘நந்தா’வில் (2001) அகதியாக வரும் கல்யாணி (லைலா) ஆதரவுக்கு ஏங்கும் அப்பாவி. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இன்னும் நுட்பமான படம் என்பதாலேயே இன்னும் கவனத்துக்குரியது. பிள்ளையை விட்டுப் போராளியாகிப்போன ஷியாமாவிடம் (நந்திதா தாஸ்) வளர்ப்புப் பெற்றோரிடம் வளரும் மகள் அமுதா கேள்விகளின் பட்டியலோடு வருகிறாள். தமிழ்த் திரையில் ஓர் ஈழத்தமிழ்ப் பெண்ணிடம் நேரடியாகக் காரணம் கேட்கப்பட்ட அபூர்வமான தருணம் அது. அவளுடைய பதில் பெரும்பாலும் கண்ணீர். ஏன் ஆயுதமெடுத்தாள், ஏன் திரும்பிவரவில்லை என்பதை அவள் வாயால் சொல்லவைத்திருந்தால் படம் வேறொன்றாகியிருக்கும். வளர்ப்புத் தாயின் நியாயம் சுலபமாக வென்றிருக்காது.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025) குரலையே கதையின் முடிச்சாக்குகிறது. இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகச் சென்னைக்கு வந்த குடும்பத்தைப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் படம் நெடுகிலும் உண்டு. ஆனால் அந்த அச்சத்தை உடைத்துக் குடியிருப்பை வசப்படுத்தும் பேச்சுகளில் பெரும்பங்கு தர்மதாஸுக்கு (சசிகுமார்). வசந்தி (சிம்ரன்) அன்பான மனைவியாக அருகில் நிற்கிறாள்.

பேச்சு காட்டிக்கொடுக்கும் என்ற அச்சத்தைக் கொழும்புப் பெண்கள் சினிமா பார்த்துக் கற்கவில்லை. காலி வீதி பஸ்ஸில் கைத்தொலைபேசியை எடுத்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வது போர்க்காலத்தின் பிற்பகுதியில் இங்கு வழக்கமாக இருந்தது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள், பெண்களும் உட்பட, பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விசாவுக்காகவும் வேலைக்காகவும் வெள்ளவத்தை அறைகளில் தனியாக வாழ்ந்த பெண்கள், பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நின்றவர்கள், சென்னைக் கதாசிரியருக்குத் தாயாகவோ போராளியாகவோ அகதியாகவோ தெரியாததால் கதையாகவில்லை.

திரையில் ‘உண்மையான’ யாழ்ப்பாணத் தமிழ் வேண்டும் என்ற நமது வழக்கமான கோரிக்கையும் இங்கே போதாது. அது வெள்ளவத்தையின் ஒரு பகுதியைத் திருப்திப்படுத்தலாம். தமிழக வணிகக் குடும்பங்களும் கொழும்புச் செட்டிகளும் மலையகத்தவரும் முஸ்லிம்களும் கலந்த கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் கடைக்காரரோடு சிங்களத்திலும் அடுத்த வீட்டோடு தமிழிலும் ஒரே மூச்சில் பேசுகிறாள். வெள்ளவத்தை அடுக்குமாடியில் வீட்டுவேலை செய்யும் மலையகப் பெண்ணின் தமிழ் வேறு. சுமதி சிவமோகன் ‘இங்கிருந்து’ (2013) படத்தில் மலையகத்தின் பேச்சுக்கும் வரலாற்றுக்கும் இடம் கொடுத்தார். அது வெகுசனப் படமல்ல. வெகுசனத் திரை ‘ஈழத்தமிழ்’ என்று ஒற்றை உச்சரிப்பைத் தரப்படுத்திவிட்டால், கொட்டாஞ்சேனைப் பெண் இரண்டாம் முறையும் இரவல் குரலில் பேச வேண்டிவரும். இம்முறை இரவல் கொடுப்பவர்கள் சென்னைக்காரர்களாக இருக்கமாட்டார்கள்.